உள்ளே போனபின் காசு கேட்காத போன் கேம்: தேர்ந்தெடுப்பது எப்படி?

சேலம் அஸ்தம்பட்டியில் சின்ன ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பான் கார்டு, வருமானச் சான்று, பட்டா மாறுதல் என்று ஊரார் விண்ணப்பங்களை எழுத்துப் பிசகாமல் நிரப்பிக் கொடுக்கிறவன், சொந்த வீட்டுப் போனில் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் விட்டுவிட்டேன். நாலாவது படிக்கும் பையன் ‘இலவச’ கேம் ஒன்றில், அந்த ஆட்டத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் வைரக்கல் வாங்கியிருக்கிறான். 89, 449, 449, 899. மொத்தம் 1,886 ரூபாய். மாதக் கடைசியில் போஸ்ட்பெய்டு பில் வந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. கூப்பிட்டுக் கேட்டால், “நான் காசே குடுக்கலப்பா, ஓகேன்னு இருந்துச்சு, அமுக்குனேன்” என்கிறான். அவன் சொன்னது பொய்யும் இல்லை. பின் நம்பர் கேட்கவில்லை, ஓடிபி வரவில்லை. தொகை நேராகப் போன் பில்லில் போய் உட்கார்ந்துகொண்டது.

சரி, காசு கேட்காத கேமாகப் பார்த்து நானே போட்டுத் தருகிறேன் என்று இறங்கினேன். ஒரு மணி நேர வேலை என்று நினைத்தது மூன்று வாரம் இழுத்தது. இலவசம் என்று இறக்கியவை உள்ளே போனதும் கேட்டன. முன்கூட்டியே விலை கொடுத்து வாங்கிய ஒன்றும் உள்ளே போனதும் கேட்டது. கடைக்கு வருகிற பெற்றோரிடம் பேசினால் பாதிப் பேருக்கு இதே கதை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இந்த வரிசையில் போனால் ஒரு சாயங்காலம் போதும். ஆண்ட்ராய்டு போனை வைத்தே சொல்கிறேன், ஐபோனுக்கு வேண்டியது அங்கங்கே வரும்.

ஒன்று மட்டும் முதலிலேயே: இது ரம்மி மாதிரி பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைப் பற்றியது அல்ல. அவற்றை 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமே தடை செய்கிறது. இங்கே பேசுவது பிள்ளைகளும் நாமும் பொழுதுபோக்குக்கு ஆடும் சாதாரண கேம்கள்.

1. இன்ஸ்டால் அமுக்கும் முன் ஒரு வரி படியுங்கள்

பிளே ஸ்டோரில் கேமின் பக்கத்தைத் திறந்தால் படங்களும் பொத்தானும்தான் முதலில் கண்ணில் படும். கேமின் பெயருக்கும் அதைச் செய்தவர் பெயருக்கும் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதில் ‘கன்டெய்ன்ஸ் ஆட்ஸ்’ என்று இருந்தால் விளம்பரம் வரும். ‘இன்-ஆப் பர்சேஸஸ்’ என்று இருந்தால் உள்ளே விற்பனை நடக்கும். போனின் மொழியைத் தமிழில் வைத்திருந்தால் இதே வரி தமிழில் தெரியும். இரண்டுமே இல்லாவிட்டால் முதல் சல்லடையில் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

விற்பனை உண்டு என்று போட்டிருப்பதாலேயே ஒதுக்கிவிட வேண்டாம். ‘அபௌட் திஸ் கேம்’ என்பதைத் தொட்டு அடி வரை தள்ளிப் போனால், உள்ளே விற்கும் பொருளின் விலை எழுதியிருக்கும். ஒரே ஒரு விலை இருந்தால், பெரும்பாலும் அது முழு கேமையும் திறக்கவோ விளம்பரத்தை நீக்கவோ ஒரே ஒருமுறை கட்டுகிற தொகை. பத்து ரூபாயில் ஆரம்பித்துப் பல ஆயிரம் வரை நீண்டிருந்தால் அங்கே ஒரு கடைவீதியே இருக்கிறது என்று அர்த்தம். திரும்பி வந்துவிடுங்கள்.

ஐபோனில் ‘கெட்’ பொத்தானுக்குப் பக்கத்திலேயே இந்தக் குறிப்பு இருக்கும். கீழே ‘இன்ஃபர்மேஷன்’ பகுதிக்குப் போனால் என்னென்ன விற்கிறார்கள், என்ன விலை என்று பெயரோடு பட்டியல் வரும். ‘பை நிறைய வைரம்’, ‘பெட்டி நிறைய வைரம்’ என்கிற தினுசில் பெயர்கள் இருந்தால் மேலே யோசிக்கத் தேவையில்லை. இந்த விஷயத்தில் ஐபோன்தான் வசதி.

இந்தப் படியில் ஆட்கள் சறுக்கும் இடங்கள்:

விலை கொடுத்து வாங்கும் கேம் என்றால் உள்ளே கேட்காது என்று நினைப்பது. மைன்கிராஃப்ட் விலை கொடுத்து வாங்க வேண்டிய கேம்தான். ஆனாலும் உள்ளே ‘மார்க்கெட்பிளேஸ்’ என்று ஒரு கடை உண்டு, அதற்கென்று தனி நாணயமும் உண்டு. நல்ல கேம்தான், குறை சொல்லவில்லை. ‘ஒருமுறை வாங்கினால் முடிந்தது’ என்று நம்பிப் போகாதீர்கள், அவ்வளவுதான்.

நண்பர் ஐபோனில் பார்த்ததை நம்பி ஆண்ட்ராய்டில் இறக்குவது. ஆல்ட்டோ’ஸ் அட்வென்ச்சர் என்ற பனிச்சறுக்கு கேம் 2015-இல் ஐபோனில் காசு கொடுத்து வாங்கும் கேமாக வந்தது. அடுத்த ஆண்டு ஆண்ட்ராய்டில் வந்தபோது இலவசம், ஆனால் விளம்பரத்தோடும் உள் விற்பனையோடும். பெயரும் படமும் ஒன்றுதான், பிழைக்கும் வழி வேறு. உங்கள் போனில் உள்ள பக்கத்தைத்தான் படிக்க வேண்டும்.

இன்னொன்று இதற்கு நேர் எதிர். விற்பனைக் குறிப்பைப் பார்த்ததும் நல்ல கேமை விட்டுவிடுவது. சூப்பர் மாரியோ ரன் இலவசமாக இறங்கும், சில கட்டங்கள் ஆடலாம், ஒரு தொகை கட்டினால் மிச்சமும் திறந்துவிடும். மான்யுமென்ட் வேலியில் உள்ளே விற்பது கூடுதல் அத்தியாயங்கள். இவை வைரக்கல் வியாபாரத்தோடு சேராதவை. நான் இவற்றை வடை விற்கிற கணக்கில் வைக்கிறேன்: காசு கொடுத்தோம், தின்றோம், எழுந்து வந்தோம்.

‘டீச்சர் அப்ரூவ்டு’ முத்திரையைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், அது பிள்ளைகளுக்கு ஏற்றதா என்று பார்த்துத் தருவது. ஆனால் உள்ளே விற்பனை இருக்கிற கேமுக்கும் அது கிடைக்கும். இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

2. ‘இதைச் செய்தவருக்குச் சோறு எங்கிருந்து?’ என்று கேளுங்கள்

எனக்கு எல்லாக் குழப்பமும் தீர்ந்தது இந்தக் கேள்விக்குப் பிறகுதான். ஒரு கேமை உருவாக்க மாதக்கணக்கில் ஆட்கள் வேலை செய்கிறார்கள். அந்தப் பணம் எங்கிருந்தாவது வர வேண்டும். எங்கிருந்து என்று தெரிந்துவிட்டால் அந்த கேம் உள்ளே எப்படி நடந்துகொள்ளும் என்றும் தெரிந்துவிடும்.

ஒருமுறை விலை. பிளே ஸ்டோரில் ‘டாப் சார்ட்ஸ்’ பகுதியில் ‘டாப் பெய்டு’ என்று ஒரு பட்டியல் உண்டு. தேட ஆரம்பிக்க அதைவிட நல்ல இடம் இல்லை. அதில் ஒவ்வொன்றாகத் திறந்து முதல் படியில் சொன்ன வரியைப் பாருங்கள். மினி மெட்ரோ, ஸ்டார்டியூ வேலி இரண்டும் உள் விற்பனையோ விளம்பரமோ இல்லாதவை. இந்த வகை கேம்களுக்குச் சில நூறு ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் இல்லையென்றால் ‘விஷ்லிஸ்ட்’டில் போட்டு வையுங்கள். விலை குறையும் நாட்கள் அடிக்கடி வரும், பண்டிகைத் தள்ளுபடி மாதிரி.

மாதச் சந்தா. சந்தா கட்டி அதில் உள்ள கேம்களை எல்லாம் ஆடும் திட்டம் கூகுள் பிளே பாஸ். அது 2022-இல் இந்தியாவுக்கு வந்தபோது மாதம் 99 ரூபாய், வருடத்துக்கு 889 ரூபாய். சந்தாவாக வேண்டாம், ஒரே ஒரு மாதம் போதும் என்றால் 109 ரூபாய் முன்பணத் திட்டமும் இருந்தது. கட்டும் முன் இன்றைய விலையைத் திரையில் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருக்கும் கேம்களில் விளம்பரமும் உள் விற்பனையும் நீக்கப்பட்டிருக்கும். குடும்பக் குழு அமைத்தால் இன்னும் 5 பேர் சேர்ந்து பயன்படுத்தலாம். ஐபோன்காரர்களுக்கு இதே மாதிரி ஆப்பிள் ஆர்கேட் இருக்கிறது, அதிலும் விளம்பரம், உள் விற்பனை கிடையாது. வீட்டில் ஏற்கெனவே நெட்ஃபிளிக்ஸ் சந்தா இருந்தால் அதன் கேம்களும் அந்தச் சந்தாவுக்குள்ளேயே அடக்கம், தனியாக எதுவும் கேட்காது. இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. சீரியல் பார்க்க மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சந்தாவில் கவனிக்க வேண்டியது: நிறுத்தினால் கேமும் போய்விடும். ஒரு பிள்ளை, வருடத்துக்கு இரண்டு கேம்தான் ஆடுவான் என்றால் ஒருமுறை விலைதான் லாபம். மூன்று பிள்ளைகள், வாரத்துக்கு ஒரு கேம் மாற்றுகிறார்கள் என்றால் சந்தா எடுக்கலாம்.

நன்கொடையும் தன்னார்வலர்களும். உண்மையிலேயே இலவசம் என்றால் இதுதான். சதுரங்கத்துக்கு லீசெஸ் என்ற ஆப். விளம்பரம் இல்லை, காசு கட்டினால் தனிச் சலுகை என்பதும் இல்லை. நன்கொடை கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் வசதியில் வித்தியாசம் இல்லை, கொடுத்தவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறகுச் சின்னம் வரும், அவ்வளவே. சின்னப் பிள்ளைகளுக்காக அரட்டையை மூடிவிடும் அமைப்பும் அதில் இருக்கிறது. குகேஷ் உலக சாம்பியன் ஆன 2024 டிசம்பருக்குப் பிறகு எங்கள் தெருவில் செஸ் வகுப்புக்குப் போகாத பிள்ளை இல்லை. வகுப்பில் சேர்க்கும் முன் ஒரு மாதம் இதில் விட்டுப் பார்க்கலாம், ஆர்வம் நிஜமா என்று தெரிந்துவிடும்.

சைமன் டாத்தம் பசில்ஸ் இன்னொன்று. சுமார் நாற்பது புதிர் வகைகள், இறக்க அதிக இடம் வேண்டாம், நெட் வேண்டாம். அலங்காரம் எதுவும் கிடையாது, பார்க்க அரசாங்க விண்ணப்பம் மாதிரி இருக்கும். அதனால் பையன் முதல் நாள் தொடவே இல்லை. என் மனைவிதான் இப்போது இதை விடுவதில்லை. சூப்பர்டக்ஸ்கார்ட் கார்ப் பந்தயம், கண்ணுக்கும் அழகு. இரண்டு வயது முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஜிகாம்ப்ரி என்று நூற்றுக்கும் மேற்பட்ட சின்னச் சின்னப் பயிற்சிகள் கொண்ட தொகுப்பு இருக்கிறது. எல்லாம் இலவசம்.

விளம்பரம் மட்டும். உள் விற்பனை இல்லை, விளம்பரம் உண்டு என்று சில கேம்கள். பெரியவர்களுக்குப் பரவாயில்லை. பிள்ளைகளுக்கு நான் தருவதில்லை. காரணம், அந்த விளம்பரங்களில் பாதி வேறு கேம்களுக்கானவை. அவை எல்லாமே வைரக்கல் வியாபாரம். முன்வாசலில் விரட்டியதைப் பின்வாசலில் கூப்பிட்ட கதை.

பிளே ஸ்டோருக்கு வெளியே எஃப்-டிராய்டு என்று திறமூல ஆப்களின், அதாவது நிரலை யாரும் திறந்து பார்க்கக்கூடிய ஆப்களின், களஞ்சியம் இருக்கிறது. மேலே சொன்ன வகையில் இன்னும் பல அங்கே கிடைக்கும். அதை நிறுவ, பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து ஆப் போடவிடும் ‘அன்நோன் ஆப்ஸ்’ அனுமதியைத் திறக்க வேண்டும். அதன் சொந்த இணையதளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள், வேலை முடிந்ததும் உலாவிக்குக் கொடுத்த அனுமதியை மூடிவிடுங்கள். இதையும் வாட்சாப் குழுவில் வருகிற ‘மோட் ஏபிகே, எல்லா வைரமும் இலவசம்’ என்கிற, யாரோ திருத்திய கேம் கோப்பையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். அது யார் செய்தது, உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. வங்கி ஆப் இருக்கிற போனில் அதைப் போடவே போடாதீர்கள்.

3. யாருக்கு, எந்தப் போனில், எந்த இடத்தில்

இதைக் கடைசியில் யோசித்தேன், முதலில் யோசித்திருக்க வேண்டும். ஸ்டார்டியூ வேலி விவசாய கேம். பாட்டியின் காபித் தோட்டத்தில் பழம் பொறுக்கச் சொன்னால் ஓடி ஒளிகிற பையன் இதில் உட்கார்ந்து விதை போடுகிறான், தண்ணீர் ஊற்றுகிறான். ஆனால் கேமுக்குள் வரும் ஊர்க்காரர்கள் பேச்சு முழுக்க ஆங்கிலம். ஒவ்வொரு வரிக்கும் “அப்பா, இது என்ன சொல்லுது?” என்று கடைக்கு வந்து நின்றான். ஜெராக்ஸ் எடுப்பதா மொழிபெயர்ப்பதா? மினி மெட்ரோவில் அந்தத் தொல்லை இல்லை. கோடு இழுத்து ரயில் பாதை போடுவது, வட்டம், முக்கோணம், சதுரம், அவ்வளவுதான். மும்பை வரைபடமும் இருக்கிறது. படிக்கத் தெரியாத குழந்தையும் ஆடலாம்.

போனில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பாருங்கள். பிளே ஸ்டோர் பக்கத்தில் காட்டும் அளவு முதல் இறக்கம் மட்டும்தான், திறந்தவுடன் இன்னும் ஒரு பங்கு இறக்கும் கேம்கள் உண்டு. காட்டிய அளவைப் போல இரண்டு மடங்கு இடம் இருந்தால் நிம்மதி.

4. காசுப் பெட்டிக்குப் பூட்டுப் போடுங்கள்

நல்ல கேமைத் தேர்ந்தெடுத்தாலும் போனில் வேறு கேம் இருக்கும், அண்ணன் போட்டது, அத்தை போட்டது. அதனால் வாங்கும் முன் இதைச் செய்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. நான் செய்யாமல் விட்டது இதுதான்.

பிளே ஸ்டோரில் மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டு ‘செட்டிங்ஸ்’ போங்கள். அங்கே வாங்கும்போது சரிபார்ப்பு கேட்பதற்கான அமைப்பு இருக்கும். ‘பர்சேஸ் வெரிஃபிகேஷன்’ என்றோ ‘ஆதென்டிகேஷன்’ என்றோ பெயர், போனைப் பொறுத்து மாறும். ஒவ்வொரு முறையும் கேள், 30 நிமிடத்துக்கு ஒருமுறை கேள், கேட்கவே வேண்டாம் என்று மூன்று நிலைகள். ‘ஒவ்வொரு முறையும்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். நடுவில் இருக்கும் 30 நிமிட நிலை பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் நீங்கள் ஒரு ஆப் வாங்கிவிட்டுப் போனைப் பிள்ளையிடம் கொடுத்தால், அடுத்த அரை மணி நேரம் கதவு திறந்தே கிடக்கும்.

கைரேகை வைத்திருந்தால் பிள்ளையின் விரலும் அதில் பதிவாகி இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், எங்கள் வீட்டில் இருந்தது. பாட்டிக்குப் போன் திறந்து கொடுக்க வசதி என்று நானே பதிந்து வைத்தது.

ஐபோனில் ‘ஸ்கிரீன் டைம்’ உள்ளே ‘கன்டென்ட் அண்ட் பிரைவசி ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்’ போய், உள் விற்பனையை அடியோடு தடுத்துவிடலாம். பிள்ளைக்குத் தனிப் போன் இருந்தால் ஆண்ட்ராய்டில் ‘ஃபேமிலி லிங்க்’ போடுங்கள். அவன் எதை வாங்க அமுக்கினாலும் உங்கள் அனுமதி கேட்டு வரும்படி வைக்கலாம்.

5. பணம் கட்டும் வழியைச் சுருக்குங்கள்

பிளே ஸ்டோரில் ‘பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’, அதற்குள் ‘பேமென்ட் மெத்தட்ஸ்’. என்னென்ன சேமித்து வைத்திருக்கிறது என்று பாருங்கள். பழைய கார்டு, போன் பில்லில் சேர்க்கும் வசதி எல்லாவற்றையும் நீக்குங்கள். போன் பில் வசதிதான் மோசம். கையில் காசு குறைவது தெரியாது, மாதக் கடைசியில்தான் அடி விழும். அங்கே நீக்க முடியாவிட்டால் சிம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை அழைத்து, பில்லில் சேர்க்கும் வசதியை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். கேட்ட தேதியையும் அவர்கள் தரும் புகார் எண்ணையும் எழுதி வையுங்கள்.

ஒருமுறை விலைக்கு யுபிஐ நல்லது. ஒவ்வொரு முறையும் பின் நம்பர் போட வேண்டும். பின் நம்பர் பிள்ளைக்குத் தெரியாமல் இருக்க வேண்டும், அது உங்கள் பாடு. கார்டும் வேண்டாம், யுபிஐயும் வேண்டாம் என்கிறவர்கள் கூகுள் பிளே கிஃப்ட் கோடு வாங்கிப் போடலாம். தேவையான தொகைக்கு மட்டும் வாங்குங்கள். கணக்கில் ஏற்றிய தொகை வங்கிக்குத் திரும்பாது, இன்னொரு கணக்குக்கும் மாற்ற முடியாது. சரிபார்ப்புப் பூட்டு இல்லாத போனில் மிச்சத் தொகை கிடந்தால் அதுவும் வைரமாகிவிடும்.

சந்தாவை யுபிஐயில் கட்டினால், ஒவ்வொரு தவணையும் தானாகப் பணம் எடுக்கவிடும் ‘ஆட்டோபே’ அனுமதி ஒன்று உருவாகும். ரிசர்வ் வங்கி விதிப்படி, ஒவ்வொரு முறை பணம் எடுக்கும் முன்பும் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று நினைத்து அழிக்காதீர்கள். நிறுத்த நினைத்தால் அன்றுதான் கடைசி நாள்.

6. வாங்கிய முதல் இரண்டு மணி நேரம்

விலை கொடுத்து வாங்கிய கேமைப் பிள்ளையிடம் உடனே கொடுத்துவிடாதீர்கள். பிளே ஸ்டோரில் வாங்கிய சுமார் 2 மணி நேரத்துக்கு, அந்த கேமின் பக்கத்திலேயே ‘ரீஃபண்ட்’ பொத்தான் இருக்கும். அமுக்கினால் கேம் போய்விடும், காசு திரும்பும். அதற்குப் பிறகும் 48 மணி நேரம் வரை கோரிக்கை வைக்கலாம், ஆனால் கிடைக்குமா என்பது அவர்கள் முடிவு. ஒரு கேமை ஒருமுறைதான் திருப்ப முடியும். திருப்பிவிட்டு, பையன் அழுகிறான் என்று மறுபடி வாங்கினால் இரண்டாவது முறை திருப்ப முடியாது.

ஆகவே நேரம் பார்த்து வாங்குங்கள். பரபரப்பான வேலை நாளில் வாங்கினால் அந்த இரண்டு மணி நேரம் வீணாகப் போய்விடும். நான் ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொண்டேன். நீங்களே முக்கால் மணி நேரம் ஆடுங்கள். போன் கொதிக்கிறதா, எழுத்து படிக்கிற அளவில் இருக்கிறதா, எங்காவது கடைச் சின்னமோ பொருள் வாங்கும் தள்ளுவண்டிச் சின்னமோ தெரிகிறதா, ‘சக்தி தீர்ந்துவிட்டது, நான்கு மணி நேரம் காத்திரு’ என்று எங்காவது நிறுத்துகிறதா என்று பாருங்கள். உள்ளே விற்பனை இருக்கிறது என்பதற்குக் கடைசியாகச் சொன்னதுதான் தெளிவான அடையாளம். காத்திருக்க வைக்கிற கேம், காத்திருப்பைத் தவிர்க்க எதையோ விற்கப் போகிறது.

7. மலை ஏறும் முன் ஒரு சோதனை

எங்கள் அம்மா வீடு ஏற்காட்டில் நாகலூர் பக்கம். சேலத்தில் இருந்து ஏற்காடு 30 கிலோமீட்டர்தான், அதற்குள் 20 கொண்டை ஊசி வளைவு. சிக்னல் ஒரு வளைவில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. வீட்டில் திண்ணையின் ஒரு மூலையில் மட்டும் இரண்டு கோடு எடுக்கும். மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் அதுவும் இருக்காது.

நீங்களும் அப்படி ஒரு ஊருக்குப் போகிறவர் என்றால், கிளம்புவதற்கு முந்தின நாள் வீட்டு வைஃபையில் கேமை இறக்கி ஒருமுறை திறந்து, கூடுதலாக இறக்க வேண்டியதை எல்லாம் இறக்கவிடுங்கள். அப்புறம் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, கேமை முழுக்க மூடித் திரும்பத் திறந்து பாருங்கள். திறந்து ஆட முடிந்தால் சரி. ‘இணைப்பு இல்லை’ என்று நின்றால் அது மலைக்கு ஆகாது. விளம்பரத்தில் பிழைக்கிற கேம்கள் பலவும் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். விலை கொடுத்து வாங்கிய கேமைக்கூட முதல் தடவை நெட் இருக்கும்போது திறந்துவிடுங்கள், வாங்கியது நீங்கள்தானா என்று அப்போது சரிபார்த்துக்கொள்ளும்.

பஸ்ஸில் வளைவு ஏறும்போது கொடுக்காதீர்கள். இது கேம் பற்றிய அறிவுரை இல்லை, எட்டாவது வளைவில் என் சட்டை பட்ட பாடு.

8. அப்படியும் காசு போய்விட்டால்

இந்தப் பகுதி தேவைப்படக் கூடாது, ஆனால் தேவைப்பட்டால் மணிக்கணக்கு முக்கியம். கடைக்கு வருகிறவர்கள் வெறுங்கையோடு வந்து “காசு போயிடுச்சுங்க, ஏதாவது பண்ணுங்க” என்பார்கள். இவற்றை எடுத்து வையுங்கள்:

ரசீது மின்னஞ்சல். பிளே ஸ்டோரில் வாங்கினால் அந்தப் போனில் உள்ள ஜிமெயிலுக்கு ரசீது வரும். எனக்கும் நாலு ரசீதும் வந்துதான் இருந்தன. போன் வாங்கியபோது கடைக்காரர் திறந்து கொடுத்த ஜிமெயில் அது, நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அதில் ‘ஜிபிஏ’ என்று தொடங்கும் ஆர்டர் எண் இருக்கும். அதுதான் உயிர்.

யுபிஐயில் போயிருந்தால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண். போன் பில்லில் போயிருந்தால் அந்தப் பில்லின் பக்கம். கேமின் பெயர், செய்தவரின் பெயர், வாங்கிய பொருள், தேதி, நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட். முக்கியமாக, கேமை அழிக்கும் முன் எடுங்கள். கோபத்தில் முதலில் அழித்துவிடுகிறோம், நானும் அதைத்தான் செய்தேன்.

48 மணி நேரத்துக்குள் என்றால் பிளே ஸ்டோரிலேயே, ஆர்டர் வரலாற்றில் அந்த ஆர்டரைத் திறந்து ரீஃபண்ட் கேளுங்கள். காரணம் கேட்கும் இடத்தில், வீட்டில் உள்ளவர் தவறுதலாக வாங்கியது என்பதைத் தேர்ந்தெடுங்கள். உண்மையைச் சொல்லுங்கள், ‘யாரோ திருடிவிட்டார்கள்’ என்று போடாதீர்கள். சில நேரம் கால் மணி நேரத்திலேயே பதில் வந்துவிடும், 4 வேலை நாட்கள் வரையும் ஆகலாம். 48 மணி நேரம் தாண்டிவிட்டால் கேம் செய்தவருக்கு எழுத வேண்டும். முகவரி கேமின் பக்கத்தில் ‘ஆப் சப்போர்ட்’ பகுதியில் இருக்கும். நான் எழுதியது ஒரு மாதம் கழித்து. தானியங்கிப் பதில் ஒன்று வந்தது, அதோடு சரி. 1,886 ரூபாய் போனது போனதுதான்.

நிஜமாகவே உங்கள் வீட்டில் யாருமே வாங்காத ஒன்று கணக்கில் இருந்தால் அது வேறு வழக்கு. அனுமதியில்லாப் பரிவர்த்தனை என்று கூகுளிடம் 120 நாட்களுக்குள் தெரிவிக்கலாம். வங்கியிலும் சொல்லுங்கள், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் அழையுங்கள். பையன் அமுக்கியதற்கு 1930-ஐ அழைத்துவிட்டு என்னிடம் வந்தவர் ஒருவர் உண்டு. அது அவர்கள் வேலை இல்லை.

ஐபோனில் ஆப்பிளின் ‘ரிப்போர்ட் எ பிராப்ளம்’ பக்கத்தில் உங்கள் கணக்கோடு நுழைந்து இதேபோல் கேட்க வேண்டும்.

9. மாதம் ஒருநாள்

ஒன்றாம் தேதி பால் கணக்கு பார்க்கும்போதே இதையும் பார்த்துவிடுகிறேன். பிளே ஸ்டோரில் ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ திறந்து, தெரியாத பெயர் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘மூன்று நாள் இலவசம்’ என்று ஆரம்பித்துச் சந்தாவாக மாறுபவை இங்கேதான் ஒளிந்திருக்கும். கேமை அழித்தால் சந்தா நின்றுவிடாது, இங்கே வந்து தனியாக நிறுத்த வேண்டும். யுபிஐ ஆப்பிலும் ஆட்டோபே பட்டியலைத் திறந்து, நிறுத்திய சந்தா அங்கேயும் போய்விட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்படியே ஏற்கெனவே உள்ள கேம்களின் பக்கங்களையும் ஒரு பார்வை. புதிய பதிப்பு வரும்போது முன்பு இல்லாத விற்பனை சேர்வதுண்டு. முதல் படியில் சொன்ன அந்தப் பொடி எழுத்து வரிதான், திரும்பவும் படிக்க வேண்டும்.

கடைசியில் ஆர்டர் வரலாறு. போன மாதம் அதில் இருந்தது ஒரே ஒரு வரி, மினி மெட்ரோ. அதை வாங்கியவன் நான்தான், பின் நம்பரும் நான்தான் போட்டேன். பையன் பக்கத்தில் நின்று, “ஓகே நான் அமுக்கட்டுமாப்பா?” என்று கேட்டான்.